மூன்று வயதுக்கு அளவெடுத்த இருக்கை

விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வண்டியின் கதவைத் திறந்து ஏறிய பரசுராமன், தன் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த குட்டி இருக்கையின் மேல் தற்செயலாகக் கையை ஊன்றினான். ஊன்றிய வேகத்திலேயே எடுத்துக்கொண்டான். மார்கழிப் பனியில் கண்ணாடியும் இரும்பும் விறைத்துப் போயிருக்க, அந்தச் சின்னப் பட்டு மெத்தை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். யாரோ அப்போதுதான் எழுந்து போனாற்போல, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழும்பிச் சமமாயிற்று.

வண்டி கைக்கு வந்து பதினோரு நாள். எண்பத்தாறாம் ஆண்டில் ஆரணியில் பட்டு வியாபாரத்துக்கென்று சொந்தப் பிக்கப் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. பரசுராமன், எஞ்சினும் முகப்பும் சக்கரமுமாக வெறும் அடிச்சட்டமாக நின்ற சேசிஸை வேலூரிலிருந்து ஓட்டி வந்து, ஆர்க்காட்டுச் சாலையில் பட்டறை வைத்திருந்த காத்தவராயன் ஆசாரியிடம் விட்டான். மற்றதெல்லாம் அவன் மனம்போலக் கட்டியது. சேலைப் பெட்டிகள் நசுங்காமல் இருக்க அடுக்குப் பலகைகள். பக்கவாட்டில், சேலைக்குக் கரை ஓடுவதுபோல நீளமாக ஓர் அரக்கு வர்ணப் பட்டை. பின்கதவில் ஒரு ஜோடி மயில். ஜரிகை நிறத்தில் இரட்டைக் குழல் ஹார்ன். கடைசியாக, தனக்கும் மனைவி பொன்னம்மாளுக்கும் நடுவில் குழந்தைக்கென்று ஓர் இருக்கை. முகப்புக் கண்ணாடிக்கு மேலே, சிவப்பு எழுத்தில் குழந்தையின் பெயர்: தனகோடி.

குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

பொன்னம்மாளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இரண்டு முறை தங்காமல் போன வயிறு. நெசவாளர் தெருவில், பிள்ளை பூமிக்கு வரும்வரை ஒரு தூளித்துணிகூடப் புதிதாக வாங்கமாட்டார்கள். பிறந்ததும் சுற்றுவது பழம்புடவைதான். பெயரை வாய்விட்டுச் சொல்வதோ கிடையவே கிடையாது. பரசுராமனுக்கு அது தெரியாததல்ல. இரண்டு முறை பயந்து பயந்து காத்திருந்து கண்ட பலன் என்ன என்ற வீம்பு. இந்த முறை தங்கத்தான் போகிறது என்று மரத்திலும் வர்ணத்திலும் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற ஆசை. வாசலில் பாயை விரித்துவிட்டு, விருந்தாளி யாரென்று பிறகு யோசிக்கிறவனைப்போல அவன் நடந்துகொண்டான்.

அளவு கேட்டபோது ஆசாரி குழந்தையின் வயதையும் கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மூன்று என்றான். முதல் பிள்ளை தங்கியிருந்தால் வரும் தையில் மூன்று நிறைந்திருக்கும்.

பெயரைக் கண்டதும் பொன்னம்மாள் வண்டியருகே வந்து நின்றாள். முதல் வயிற்றின்போது இருவரும் தங்களுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்து, ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும் என்று வைத்திருந்த பெயர் அது. எழுத்துகளை விரலால் தடவிவிட்டு, ஈரமான கண்களோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று காலை கண்ட பள்ளத்தை அவன் பனியின் தலையில் போட்டான். ஆனால் கலசப்பாக்கம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொண்டுபோன வழியில், எஞ்சினின் சீரான உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் அவன் காதில் விழுந்தது. தரையெட்டாத சின்னக் கால்கள் பலகையைக் குதிகாலால் உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம். வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. கூட்டினால், குதூகலம் வந்தாற்போல, அதுவும் துள்ளியது. சாலையோரத்தில் காத்தாயி நடத்திவந்த டீக்கடையில் நல்ல வெயிலில் நிறுத்தி, இறங்காமலே ஒரு டீ கேட்டான். அவள் ஒரு கையில் டீயும் மறு கையில் ஆற்றிய பாலுமாக வந்தாள்.

"பால் யாருக்கு?"

"இன்னாண்ணே கேக்கிற? கொயந்த வாயப் பாத்துகினு குந்திகினு இருக்குது, உனக்கு மட்டும் டீயா?"

அவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். மெத்தை. பள்ளம். மழை விட்டபின் தோண்டிய குழியிலிருந்து எழுவதுபோன்ற ஈரமண் வாசனை. கொடுத்த காசுக்குச் சில்லறைகூட வாங்காமல் வண்டியைத் திருப்பினான்.

நேரே பட்டறைக்குப் போய், இருக்கையைக் கழற்றச் சொன்னான். பெயரையும் சுரண்டச் சொன்னான். ஆசாரி திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

"பாப்பா அழாதா, மொதலாளி?"

தனக்குக் குழந்தையே இல்லை என்று அவன் சொன்னான். ஆசாரி சிரித்தார்.

"தமாசு பண்ணாதீங்க. நீங்க வந்துட்டுப் போன மறுநாளு மத்தியானம் வந்துச்சே. நிக்க வெச்சு, காலு தொங்கற அளவு அதுங்கிட்டதான் எடுத்தேன். பேரு கேட்டேன், தனகோடின்னுச்சு."

அந்தப் பெயரைப் பரசுராமன் பட்டறையில் சொன்னது வேலை முடிந்த நாளில்தான்.

"யார் கூட்டிகினு வந்தாங்க?"

திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரும்... யாரும் காணோமே" என்றார் ஆசாரி. இருக்கையைக் கழற்றி, பட்டறையின் பின்புறம் சவுக்குக் கட்டைகளோடு போட்டுக் கொளுத்தினார். பட்டு கருகும் நாற்றம் தெருமுனைவரை வந்தது.

திரும்பும் வழியில் வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பரசுராமனின் மூச்சு இளகியது. வீட்டு வாசலில் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. உட்கார வைத்த இடத்தைப் பிடுங்கியாயிற்று. இனி அது எங்கே உட்காரும்?

அதன்பின் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்தான்; திண்டில் சாய்ந்தவன் உடனே நிமிர்ந்தான்; பொன்னம்மாள் வெறும் தரையில் அமர்ந்திருந்தால்கூட அவளுக்கு அருகில் இருக்கும் இடைவெளியையே பார்த்தான். பெயரை ஏன் அழித்தீர்கள் என்று கேட்டவளிடம் வர்ணம் சரியில்லை என்றான். நிறைமாதக்காரியிடம் வேறென்ன சொல்வது? பிறக்கும் குழந்தைக்கு வேறு பெயர் வைத்துவிட வேண்டும் என்று மனத்துக்குள் முடிவுசெய்தான். அதையும் சொல்லவில்லை.

தை பிறந்த ஐந்தாம் நாள் காலையில் பொன்னம்மாளுக்கு வலி கண்டது. வாசலில் புத்தம்புது வண்டி நிற்க, அவன் ஜட்கா பிடித்து வந்தான். வலியிலும் அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள்.

உச்சிவேளைக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பழம்புடவையில் சுற்றி நர்ஸ் தாயின் மடியில் வைத்தபோது, பரசுராமன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். ஜன்னல் வழியே வெயில் தாராளமாக விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப்பழம் உரித்தார்கள்.

பேரைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். வாயெடுத்தான்.

பொன்னம்மாள் முந்திக்கொண்டாள். குனிந்து, குழந்தையின் காதோரம், ஆசை ஆசையாக அழைத்தாள்.

"தனகோடி."

குழந்தை அசையவில்லை.

வராந்தாவில் ஓடிவரும் சத்தம். சின்னப் பாதங்கள். வெறும் பாதங்கள். வாசலில் நின்றது.

ஆரஞ்சு மணம் போயிற்று. ஈரமண்.

பொன்னம்மாள் தலைநிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவள் முகம் மலர்ந்தது. மூன்று வருஷம் காணாத முகத்தைக் கண்டவள்போல.

"இவனக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

"பொன்னம்மா, வேணாம்."

"புடிங்கன்றேன். மடியில எடம் வோணும்."

கைக்குழந்தையை அவன் கையில் திணித்தாள். புடவையை நீவினாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

"வா கண்ணு. அங்க ஏன் நின்னுகினு இருக்கே?"

கட்டில் கிறீச்சிட்டது. மடிப்புடவை கனத்தில் அமுங்கியது. அவள் கைகள் மெல்ல மூடின. எதையோ இறுக அணைத்தன. ரவிக்கையின் முன்புறம் நனைந்தது. வெறுமையில் குனிந்து உச்சிமுகர்ந்தாள்.

பரசுராமன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கையில் இருந்த துணிச்சுருள் லேசாகிக்கொண்டு வந்தது. இன்னும் லேசாக. இன்னும். துணியை விலக்கிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.