இரட்டை முடிச்சு

கூடாரத்துக்குள் மூன்று பேர் இருந்தார்கள். வாசலோரம் ஆர்மாஸ். எதிர்ச் சுவர்ப் பக்கம், துடுப்புகளின் மேல் காலை நீட்டிக்கொண்டு தௌனோ. நடுவே, விறகுக்கட்டின் மேல், தௌனோவின் தங்கை இர்யா. தகர அடுப்புக்குப் பக்கத்து இடம் காலி. அது இர்யாவின் கணவன் வெய்க்கோ உட்காரும் இடம். போன அக்டோபரில் இதே ஏரியில், இந்தக் கரைக்கு எதிரேதான் அவன் மூழ்கிப்போனான். ஓராண்டு ஆனதும் அந்த இடத்தைப் பார்த்தே தீருவேன் என்று இர்யா தானே துடுப்பு வலித்து வந்திருந்தாள்.

பிற்பகல் மழை கூடாரக் கித்தானின் மேல் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கலந்த வாடை.

"கித்தான்ல தோள் படாம உக்காருடா ஆர்மாஸ்," என்றான் தௌனோ. "நீ தொட்டு அங்க ஒழுக ஆரம்பிச்சா, உன்னையே அந்த இடத்துல ஒட்டி அடைச்சிடுவேன்."

ஆர்மாஸ் சிரித்தான். இர்யா சிரிக்கவில்லை.

"பூட்ஸ் கயித்துக்கே ரெட்டை முடிச்சு போடுற மனுஷன்," என்றாள். "படகைக் கட்டாம விட்டுட்டு, அது மிதந்து போனதும் நீந்திப் பிடிக்கப் போனாராம். அந்தக் கோவத்துல கல்லறைக் கல்லுல இன்னும் பேருகூட வெட்டல நான்."

ஆர்மாஸ் அடுப்பையே பார்த்தான். கடைசியாக இறங்குகிறவன் படகைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அன்று வந்தது அவனும் வெய்க்கோவும் மட்டும்; கடைசியாக இறங்கியது ஆர்மாஸ்தான். கை விறைத்துப்போய், அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று அடுப்புக்கு ஓடினான். விசாரித்தவர்களிடமும் இர்யாவிடமும், கடைசியாக இறங்கியது வெய்க்கோ என்று சொல்லிவிட்டான்.

ஸ்ஸ்.

அடுப்பின் மேல் ஒரு சொட்டு.

"ஒழுகுதா?" என்று இர்யா நிமிர்ந்தாள்.

ஒழுகவில்லை. கூரைக்கடியில் கட்டிய கயிற்றில் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆர்மாஸ் எண்ணினான்.

மூன்று பேருக்கு நான்கு ஜோடி.

நான்காவது சாம்பல் நிறம். இர்யா பின்னியது. சவப்பெட்டியில் வெய்க்கோவின் கைகளில் மாட்டி அனுப்பியது.

ஸ்ஸ்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மூன்று ஜோடிதான்.

"என்னடா இப்படி முழிக்கிற?" என்றான் தௌனோ.

"ஒண்ணுமில்ல." நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டான்.

மழை விட்டதும் கரைக்குப் போனான். காலையில் அவன் படகுக்குப் போட்டது ஒற்றை முடிச்சு. இப்போது அதன் மேல் இன்னொன்று இருந்தது, இறுக்கமாக.

வீடு திரும்பியதும் இர்யாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். 'யார் கடைசியாக இறங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை' என்று தொடங்கினான்.

ஸ்ஸ்.

சமையலறை அடுப்பிலிருந்து வந்தது. கூரை காய்ந்துதான் இருந்தது.

தாளைக் கிழித்தான். வேறு தாள் எடுத்தான்.

'கடைசியாக இறங்கியது நான். கட்டாமல் விட்டதும் நான். என் தவறைச் சரிசெய்யத்தான் அவன் நீரில் குதித்தான். கல்லில் அவன் பேரை வெட்டு, இர்யா.'

அடுப்பு சத்தம் போடவில்லை. உறையை ஒட்டி, மேல்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தான்.

அங்கிருந்த அம்மாள் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"கடுதாசிக்கு எதுக்குப்பா கயிறு? எங்கயாவது மிதந்து போயிடும்னு பயமா?"

உறையின் குறுக்கே ஈரமான படகுக் கயிறு. இரட்டை முடிச்சு.

"அவுத்துடட்டுமா?"

"வேணாம்," என்றான் ஆர்மாஸ். "அப்படியே அனுப்பிடுங்க."

மேசையில் சொட்டிய நீரைத் துடைத்துவிட்டு, அவள் முத்திரை குத்தி, கடிதத்தைப் பையில் போட்டாள்.