சுண்டுவிரலில் இருந்த கண்ணாடி

வள்ளிநாயகி கடைக்குள் வந்தபோது காலை பத்து மணியிருக்கும். 2017 நவம்பர், திங்கட்கிழமை. பிரெஞ்சுத் தலைநகரின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் விமானச் சீட்டு விற்கும் லாசர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் சீட்டு எடுக்க வரவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நனைந்த குடையை மடக்கவும் மறந்து, சுவரோரக் கதிரையில் இருந்த கோசலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோசலைக்கு ஐம்பத்தைந்து வயது. நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக மொழிபெயர்ப்பாளர். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் தெரியும். குற்றவாளிகளும் சாட்சிகளும் சொல்வதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வதே அவளுடைய வேலை. அதனால், ஒருவர் பேசும்போது எந்தச் சொல் இடறுகிறது என்பதை அவள் உடனே கண்டுகொள்வாள். பொலிசிடம் கொண்டுபோக முடியாத சிக்கல்களை லா ஷப்பல் வட்டாரத் தமிழர்கள் அவளிடம் கொண்டுவருவார்கள். லாசர் தன் கடையில் ஒரு கதிரையை அவளுக்கென்றே போட்டிருந்தான். அவள் வாய் திறக்குமுன் இவன் ஒரு முடிவைச் சொல்லி, பிழைவிட்டு, அசடு வழிவது வழக்கம்.

வள்ளிநாயகி கைக்குட்டையை மேசையில் விரித்தாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு இருந்தது. போத்தலின் கழுத்து அது. இரண்டு பக்கமும் திறந்திருந்தது.

"அமெரிக்காவிலையிருந்து வந்தது," என்றாள். "அந்த அம்மா முதல் தரம் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறா."

அந்த அம்மா யார் என்பது லாசருக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்து கொடுத்தவனே அவன்தான்.

வள்ளிநாயகியின் கணவன் ஞானசுந்தரம் வயலின்காரன். அவனுடைய கூட்டாளி றெமிஜியஸ் கித்தார்காரன். ஒருவன் ரூ பஜோல் பிள்ளையாரின் தேருக்கு வாசிப்பான், மற்றவன் மாதா கோயில் பூசைக்கு வாசிப்பான், கலியாண மண்டபங்களில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். பகலில் இருவரும் ஒரே உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் உரிப்பார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய புளூஸ் பாட்டு என்றால் இருவருக்கும் பைத்தியம். அந்தப் பாட்டுப் பிறந்த ஊர்களைக் காரில் போய்ப் பார்ப்பதென்று எட்டு வருடமாகத் திட்டம் போட்டு, 2013 செப்டெம்பரில் புறப்பட்டார்கள். சிக்காகோவில் கார் எடுத்து, மெம்பிஸ் வழியாக ஆற்றோரமாகவே தெற்கே இறங்கி, நியூ ஓர்லியன்ஸ் வரை போவதாக ஏற்பாடு. வாடகைக் காரை லாசர் ஞானசுந்தரத்தின் பெயரில் மட்டுமே எடுத்தான். றெமிஜியஸின் பெர்மி, அதுதான் வாகனம் ஓட்டும் உரிமம், அந்த வருடம் புள்ளிகள் எல்லாம் போய்ப் பறிபட்டிருந்தது.

பதினோராம் நாள் பின்னேரம், மிசிசிப்பியில் ஒரு பருத்திக் காட்டு வீதியில், கார் பாதையை விட்டு விலகியது. வீதியோரம் நடந்துபோன ஒரு கிழவரை அடித்துவிட்டு ஒரு வீட்டு முற்றத்தில் கவிழ்ந்தது. கிழவர் அந்த இடத்திலேயே இறந்தார். காரிலிருந்து தூக்கி வீசப்பட்ட ஞானசுந்தரமும் இறந்தான். சவப்பெட்டி வந்த அன்று ருவாசி விமான நிலையத்துக்குப் போனதும் லாசர்தான். இடது கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, காரின் இருக்கைப் பட்டி அழுத்திக் காறையெலும்பு முறிந்த றெமிஜியஸ் அவன் தோளில் விழுந்து அழுதான். ஓட்டியவன் கண்ணயர்ந்துவிட்டான் என்று பொலிசார் எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அந்தத் தூக்கத்தை வள்ளிநாயகி தன் தலையில் போட்டுக்கொண்டாள். முதல் நாள் இரவு அவள்தான் தொலைபேசி எடுத்து, வீட்டுச் சண்டை ஒன்றை மூன்று மணி நேரம் இழுத்து, அவனைத் தூங்கவிடாமல் செய்தவள். இறந்த கிழவரின் மனைவி டெலோறிஸுக்கு ஒவ்வொரு செப்டெம்பரிலும் மகள் சுபாங்கியைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தாள். என் புருஷன் உங்கள் புருஷனைக் கொன்றதற்கு மன்னியுங்கள் என்பதே நான்கு கடிதங்களிலும் இருந்தது.

கோசலை டெலோறிஸின் பதிலை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். உன் கணவன் என் முற்றத்தில் பத்து நிமிடம் உயிரோடு கிடந்தான். நான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடது சுண்டுவிரலில் இது மாட்டியிருந்தது. உடைந்து அவனை வெட்டிவிடுமோ என்று கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன். பிறகுதான் வீதியில் கிடந்தது என் மனிதர் என்று சொன்னார்கள். இதைத் திரும்பப் பார்க்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. இது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியும்," என்றாள் வள்ளிநாயகி. "சாராயப் போத்தல். அவர் குடிக்கிறேல்லை எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான். அக்கா, அவர் வெறியிலை கார் ஓடினவரோ, நித்திரையிலை ஓடினவரோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

வெறியென்றால் அது அவன் பிழை, தூக்கமென்றால் தன் பிழை. எதை அவள் வேண்டுகிறாள் என்பது முகத்தில் எழுதியிருந்தது. அந்த ஆசைக்காக அவள் வெட்கப்படுவதும் தெரிந்தது.

லாசர் பொறுக்காமல், போத்தல் உடைந்து கழுத்து விரலில் மாட்டியிருக்கிறது, குடித்துக்கொண்டே ஓடியிருக்கிறான் என்று தன் முடிவைச் சொன்னான். கோசலை கண்ணாடியை அவனிடம் நீட்டி, விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு விளிம்பும் வழுவழுவென்றிருந்தன. உடைந்த போத்தல் அப்படியிராது. யாரோ இருந்து, பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள்.

"வீட்டிலை ஞானத்தின்ரை சாமான் என்ன இருக்கு?" என்று கோசலை கேட்டாள்.

அன்று பின்னேரமே மூவரும் வள்ளிநாயகியின் வீடு இருந்த ஓல்னே-சூ-புவாவுக்கு ரயிலேறினார்கள். பொலிஸ் அறிக்கையின் பிரதியை வள்ளிநாயகி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அதில் றெமிஜியஸின் வாக்குமூலம் ஒரு பக்கம் வந்தது. நான் பக்கத்து இருக்கையில் இருந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தேன், ஞானசுந்தரம் ஓட்டிக்கொண்டிருந்தார், மோதும் நொடிவரை நான் வாசிப்பை நிறுத்தவில்லை. கோசலை அந்த வரியின் கீழே நகத்தால் கோடு இழுத்தாள்.

அந்தக் கித்தாரும் அலுமாரிக்கு மேல் இருந்தது. மெம்பிஸில் பழையதாக வாங்கியது. முதுகு பிளந்திருந்தது, கழுத்தும் தந்திகளும் அப்படியே இருந்தன. இதைத் தொட மனம் வரவில்லை, நீங்களே வைத்திருங்கள் என்று றெமிஜியஸ் கொண்டுவந்து கொடுத்தானாம். அதற்குப் பிறகு உறையை ஒருவரும் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்த சுபாங்கிக்குப் பதினாலு வயது. றெமிஜியஸ் ஞாயிறுதோறும் வந்து அவளுக்குக் கித்தார் சொல்லிக்கொடுக்கிறான் என்றதும், கோசலை அதை அவளிடம் கொடுத்து ஒரு தந்தியை அமத்தச் சொன்னாள். பிள்ளை இரண்டு விரலால் முயன்று, முடியாது, தந்தி மிகவும் உயரத்தில் நிற்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். லாசரும் அமத்திப் பார்த்தான். விரல்தான் நொந்தது. கழுத்தின் தலைப்பக்கம், தந்திகளுக்கு அடியில், ஐஸ்கிரீம் குச்சித் துண்டு ஒன்றைச் செருகித் தந்திகளை உயர்த்தியிருந்தார்கள்.

கோசலை தேநீரைக் குடித்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை தானும் லாசரும் வருவதாகவும், அதுவரைக்கும் றெமிஜியஸுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள்.

திரும்பும் வழியில் லாசர் வாதாடினான். பெர்மி இல்லாதவன் எப்படி ஓடுவான், ஞானசுந்தரம் ஓட்டித் தூங்கினான் என்றுதானே நான் ஊரெல்லாம் சொன்னேன் என்றான்.

"பெர்மி இல்லாதவன் ஓடமாட்டான் எண்டில்லை, லாசர்," என்றாள் கோசலை. "ஓடினதை ஒத்துக்கொள்ள மாட்டான்."



ஞாயிறு பதினொரு மணிக்கு றெமிஜியஸ் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. சுபாங்கிக்கென்று ஒரு கட்டுப் புதுத் தந்தி கையில் இருந்தது. லாசரைக் கண்டு சிரித்தவன், மேசையில் கிடந்த பழைய கித்தாரைக் கண்டதும் உட்காராமல் நின்றான்.

"றெமி, அண்டைக்குக் காருக்குள்ளை கித்தார் வாசிச்சது ஆர்?" என்று கோசலை கேட்டாள்.

"நான்தான். பொலிசுக்கும் அப்பிடித்தானே சொன்னனான்."

"இதிலையோ?"

"ஓம்."

"விரலாலையோ?"

"விரலாலைதான், வேறை எதாலை?"

கோசலை கித்தாரை அவன் பக்கம் தள்ளினாள். "ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

அவன் கையை நீட்டவில்லை. கோசலை குரலை உயர்த்தாமல், நீதிமன்றத்தில் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போனாள்.

"இதை விரலாலை வாசிக்கேலாது. தந்தியை உயர்த்தியிருக்கு. இதுக்கு மேலாலை ஒரு கண்ணாடியை வழுக்கிக்கொண்டு போனால்தான் சத்தம் வரும். அந்த ஊரிலை போத்தல் கழுத்தைத் தேய்ச்சுச் சுண்டுவிரலிலை மாட்டி அப்பிடித்தான் வாசிக்கிறவை. கித்தார்க்காரருக்கு அது புதுப் பழக்கம். வயலின்காரருக்குச் சின்ன வயசிலையிருந்து விரல் வழுக்கித்தான் பழக்கம்." அவள் கைக்குட்டையைத் திறந்தாள். "இது செத்த மனுசன்ரை விரலிலை இருந்தது. கழற்றினவ எழுதியிருக்கிறா. மோதும்வரைக்கும் ஒருத்தர் வாசிச்சுக்கொண்டிருந்தவர், மற்றவர் ஓடினவர் எண்டு நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறியள். கண்ணாடி ஞானத்தின்ரை கையிலை எண்டால், ஓடினது ஆர்?"

றெமிஜியஸ் பச்சைக் கண்ணாடியையே பார்த்தான்.

"இன்னொண்டு," என்றாள் அவள். "உங்களுக்கு முறிஞ்சது இடது காறையெலும்பு. அமெரிக்காவிலையும் இஞ்சை மாதிரித்தான், ஓடுறவர் இடப்பக்கம். பட்டி அவருக்கு இடது தோளாலை வரும். பக்கத்திலை இருக்கிறவருக்கு வலது தோளாலை வரும்."

விமான நிலையத்தில் தன் தோளில் கிடந்து அழுத மனிதனை லாசர் நினைத்துப் பார்த்தான். அந்த இடது கைக்காக ஆறு கிழமை அவனை லாசர்தான் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்வந்தான்.

றெமிஜியஸ் மெதுவாகக் கதிரையில் இருந்தான். அவன் மறுக்கவில்லை. அன்று காலையில் ஞானம் கார்த் திறப்பை அவனிடம் நீட்டி, எனக்கு நித்திரை காணாது, நான் ஓடமாட்டேன், பெர்மி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாக நீயே ஓடு என்றானாம். தானும் விடியவிடிய ஒரு மதுச்சாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை றெமிஜியஸ் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய பயணம் கெட்டுவிடும். கித்தாருக்கு இடைஞ்சலென்று ஞானம் பட்டியைக் கழற்றியிருந்தான். றெமிஜியஸ் ஓட்டியபடியே கண்ணயர்ந்தான்; மோதிய பிறகு நினைவு திரும்பியபோது கார் கவிழ்ந்து கிடந்தது. பட்டியை அவிழ்த்து வெளியே ஊர்ந்து வந்து கிடந்தவனிடம் பொலிஸ்காரன் குனிந்து, யார் ஓட்டியது என்று கேட்டான். வெளியே வீசப்பட்டவன் செத்துவிட்டான் என்று பக்கத்தில் யாரோ சொல்வது காதில் விழுந்தது.

"அவனுக்கு இனி என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்," என்றான். "அந்த ஒரு நிமிசம்தான். பிறகு மாத்தேலாமல் போச்சு."

வள்ளிநாயகி அதுவரை சமையலறை வாசலில் நின்றாள். வந்து அவனுக்கு எதிரே இருந்தாள்.

"அவர் முழிப்பா இருந்தவரோ?"

"ஓம், தங்கச்சி. என்ர பேரைச் சொல்லிக் கத்தினவன். அதிலைதான் எனக்கு முழிப்பு வந்தது."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை.

"றெமியண்ணை, ஞாயிறு ஞாயிறா இந்த மேசையிலை நான் உங்களுக்குச் சோறு போட்டனான். நான் ரெலிபோன் எடுக்காமல் விட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் எண்டு உங்களுக்கு முன்னாலை எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் விதியெண்டு சொல்லிக்கொண்டு சாப்பிட்டனீங்கள்."

சுபாங்கி எழுந்து, றெமிஜியஸ் கொண்டுவந்த தந்திக் கட்டை அவனுடைய மடியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் அந்த மேசையிலேயே நடந்ததையெல்லாம் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தான். மூன்று பக்கம் வந்தது. கோசலை அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஒரு சட்டத்தரணி மூலம் அந்த ஊருக்கு அனுப்பினாள். டெலோறிஸுக்குத் தனியாக ஒரு பிரதி போனது. அதோடு தன் பெயரில் ஒன்றும் வைக்கவேண்டாம் என்று வள்ளிநாயகி சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்க இனி அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அங்கிருந்து அழைப்பு வந்தபோது றெமிஜியஸ் ஒளிக்கவில்லை. மாசி மாதம் போனான். இரண்டு உயிருக்கும் சேர்த்து அவனை அங்கே உள்ளே போட்டார்கள். அடிக்கடி வந்துபோகும் அவனுடைய தாய் பிறகு லாசரின் கடைப்பக்கம் வருவதில்லை.

ஆனால் அதெல்லாம் பிந்தி நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள் லாசர் கடையைத் திறக்கவில்லை. மழைக்குள் இறங்கி, ஒவ்வொரு கடையாக ஏறினான். நான்கு வருடத்துக்கு முன் எங்கெங்கே நின்று ஞானத்தின் நித்திரையைப் பற்றிக் கதைத்தானோ, அங்கெல்லாம் போய், தான் பிழையாகச் சொன்னதாகச் சொன்னான். மரக்கறிக் கடைக்காரர் கேட்டுத் தலையாட்டினார். தொலைபேசிக் கடைக்காரர், செத்தவனை இனி ஏன் கிண்டுகிறாய் என்றார். பிள்ளையார் கோயிலடியில் பூ விற்கும் மனுசி மட்டும் கையிலிருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டு, அப்ப ஆர் ஓடினது என்று கேட்டாள்.

லாசர் பெயரைச் சொன்னான். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்லிவிட்டு, அடுத்த கடைக்கு நடந்தான்.