படம் மட்டும் வரவில்லை

திரை இருளுவதற்குச் சற்று முன்புதான் ஜெகதீஷ் அதைக் கவனித்தான். விளையாட்டின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏலக்காய் ஸ்டோர் கேமராவின் படத்தில் நேரம் 3.12 என்றே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. இத்தனை நேரமும் நின்றுபோன படத்தையா பார்த்துக்கொண்டிருந்தோம் என்று யோசிப்பதற்குள் எல்லாம் அணைந்தது. கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றாடிகள் சுற்றின, விளக்குகள் நீலமும் சிவப்புமாக எரிந்தன, திரை மட்டும் கறுப்பு.

ஒவ்வொரு பாகமாகப் போடியில் வாங்கி, மலைக்குக் கொண்டுவந்து அவனே பூட்டிய கம்ப்யூட்டர். “எம்மேல இல்லாத நம்பிக்கை இதும்மேல” என்று அவன் மனைவி சுஜிதா கேலி செய்வாள். அந்த நம்பிக்கையில்தான் இன்று ஒரு வழக்கத்தை மீறியிருந்தான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை வெளியே தாழிடுவதற்கு முன், உள்ளே ஆள் உண்டா என்று மூன்று முறை குரல் கொடுப்பது மலையில் வழக்கம். தட்டுகளுக்கு இடையே யாராவது குனிந்திருந்தால் வாசலிலிருந்து தெரியாது. அடுப்பு மூட்டிய பிறகு உள்ளே மாட்டினால் பிழைப்பது கடினம். மூன்றரை மணிக்கு மழையில் ஓடிப்போய்த் தாழிட்டு, வெளிப்புற அடுப்பை மூட்டியவன், குரல் கொடுக்கவில்லை. ஸ்டோர் காலி என்று திரையில் பார்த்துவிட்டோமே என்ற தெம்பு.

“சுஜி!”

அவள் செல்போனுக்கு அடித்தான். அது கட்டிலிலேயே கிடந்து அலறியது.

மூடுபனிக்குள் ஓடித் தாழைத் தள்ளினான். வெக்கை முகத்தில் அறைந்தது. காயின் நெடி கண்ணைக் கரித்தது. வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தான். தட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது. திறந்து கிடந்தால் காயின் பச்சை நிறம் போய்விடுமே என்று, கதவை மறுபடி சாத்தித் தாழிட்டான்.

ஆனால் சுஜிதாவைக் காணோம். சரிவு முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தும் மழைச் சத்தம்தான். படம் நின்றிருந்தாலும் கம்ப்யூட்டருக்குள் பதிவு ஓடியிருக்கும். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று அது ஒன்றுதான் சொல்லும். போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷகீலை அழைத்தான்.

“காத்தாடி சுத்துதா மாப்ளே?”

“சுத்துது. லைட்டும் எரியுது. படம் மட்டும் வரல. வெரசா சொல்லுடா, சுஜியக் காணோம்.”

“பதறாத. கரண்டப் புடுங்கிட்டு ரேமக் கழட்டு. அந்த மஞ்சப் பல்ல அழிரப்பரு வச்சுத் தேச்சு, திருப்பி மாட்டு.”

தேய்த்தான். மாட்டினான். கறுப்பு.

“அப்பக் கிராபிக்ஸ் கார்டக் கழட்டிரு. மானிட்டர் வயர போர்டுலயே சொருகு.”

வியர்வையில் திருப்புளி வழுக்கியது. கார்டை உருவினான். வயரைச் செருகினான். திரை வெளுத்தது. பதிவைத் திறந்து 3.12-இல் இருந்து ஓட்டினான்.

3.13. சுஜிதா ஸ்டோருக்குள் வருகிறாள். கடைசி வரிசையில் குனிகிறாள்.

3.30. கதவு மூடுகிறது. அவள் ஓடிவந்து தட்டுகிறாள். இரண்டு கையாலும்.

ஜெகதீஷ் பதிவை வேகமாக ஓட்டினான். தட்டுகிறாள். உட்காருகிறாள். மறுபடி எழுகிறாள்.

4.06. கதவு திறக்கிறது. உள்ளே வருவது அவன்.

அவள் அவன் சட்டையைப் பிடிக்கிறாள். முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள். அவன் அவளைத் தாண்டிக் குனிகிறான். தட்டுகளைப் பார்க்கிறான். சட்டையை விடாமல் அவள் பின்னாலேயே இழுபட்டு வருகிறாள்.

“மாப்ளே, படம் வந்துச்சா?” என்றான் ஷகீல்.

ஜெகதீஷ் போனைக் கவிழ்த்து வைத்தான்.

திரையில் அவன் வெளியே போனான். கதவைச் சாத்தினான். பொருந்தவில்லை. இடுக்கில் நான்கு விரல்கள். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். இன்னொரு முறை தள்ளினான். கதவு பொருந்தியது.

திரை இருண்டது.

காற்றாடிகள் சுற்றின. ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் வந்தது.

“மாமா... வெரலு...”