வெட்டாத இழைகள்

கடலடி நகரத்துக்கு இறங்குகிறவர்கள் தினமும் காலையில் தூத்துக்குடித் துறையில் வரிசை கட்டி, குப்பியில் எச்சில் துப்ப வேண்டும். எச்சிலில் உள்ள ஆர்.என்.ஏ. இழையை, டி.என்.ஏ.வால் செய்த வெட்டுநொதி துண்டாக்கினால் பச்சை விளக்கு, இறங்கலாம். ஆழக்காய்ச்சல் தொற்றியவரின் இழையில் ஒரு வேதிக்குறி ஒட்டியிருக்கும். அதை நொதியால் வெட்ட முடியாது. சிவப்பு எரியும். நாற்பது நாள் தனியறை, மறுபேச்சே கிடையாது.

அன்று குழாய் பொருத்துகிற காஸ்பருக்குச் சிவப்பு எரிந்தது. கீழே நகரத்தில் அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருந்தது.

"காய்ச்சலே இல்ல தங்கச்சி. இன்னொருக்கா பாரேன்," என்றான், வாயிலிருந்த எலுமிச்சைத் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

அதைக் கொடுத்தவள் சோதனைக்காரி பியூலாதான். பயத்தில் வாய் உலர்ந்து வருகிறவர்களுக்கு எச்சில் ஊறட்டுமென்று, ஒரு மாதமாக வீட்டிலிருந்தே நறுக்கிக் கொண்டுவருகிறாள். துறையே அவளை மெச்சியது.

மறுசோதனைக்கு விதியில் இடமில்லை. அவளுக்கு மனம் கேட்கவில்லை. குறியே இல்லாத செயற்கை இழையை எடுத்து அவன் எச்சிலில் கலந்தாள். நொதி அதையும் வெட்டவில்லை. அப்படியானால் கோளாறு அவன் இழையில் இல்லை, எச்சிலில். பியூலா மேசையிலிருந்த எலுமிச்சைக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். நொதி வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். எலுமிச்சைப் புளிப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போன ஆண்டு முழுக்க மூன்றே சிவப்பு. இந்த ஒரு மாதத்தில் காஸ்பரைச் சேர்க்காமலே பதினொன்று.

மேலாளர் தில்லைநாயகத்திடம் ஓடிப்போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே தெரிந்தால் அவள் வேலை போய்விடும், பேசாமல் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்றார்.

"என் வேலைதான சார், போவட்டும். பதினோரு பேரு உள்ள கெடக்காங்க."

அவர் தனியறைகளின் சாவியை எடுத்து நீட்டினார்.

காஸ்பர் நன்றாக வாய் கொப்பளித்துத் துப்பினான். பச்சை. பின்னங்கால் பிடரியில் பட இறங்குகூண்டுக்கு ஓடினான். தனியறைகளில் இருந்தவர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பச்சை எரிய எரிய, வரிசையே கைதட்டியது. பதினொன்றாவது விளக்கும் பச்சையானபோது பியூலா வெட்கப்படாமல் அழுதாள். கீழிருந்து ஒலிபெருக்கியில் செய்தி வந்தது: காஸ்பருக்குப் பெண் குழந்தை, அவன் கையில்தான் முதலில் கொடுத்தார்களாம்.

ஒவ்வொரு குப்பியோடும் குறியில்லாத இழையொன்றையும் சோதிக்க வேண்டும் என்று அன்றே விதி மாறியது.

தனியறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவள் சமையல்காரி ஆரோக்கியமேரி. பியூலா அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

"இருவத்தாறு நாளா என் சொல்ல ஒருத்தரும் நம்பல," என்றாள் மேரி. "நீதான் அந்த மிசினயே சந்தேகப்பட்ட. அழாத. மொதல்ல ஒரு டீ சொல்லு. எலுமிச்ச போடாம."