தேதி இல்லாத படம்

குரங்கணிக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய் எஸ்டேட்டுக்கு சப்-இன்ஸ்பெக்டர் சந்திரவல்லி போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை. செத்துப்போன அழகுமலை அங்கே இல்லை. விடியற்காலையில் ஸ்டோருக்குள் விழுந்து கிடந்தவனை முதலில் பார்த்தது அவன் மனைவியின் அண்ணன் சுருளி. உயிர் இருக்கும் என்ற நப்பாசையில் ஜீப்பில் போட்டுப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறான். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. புகை மூச்சை அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே அறையைச் சுற்றி வந்து கூரைக்கு மேலே போய்விடும். குழாயின் சூட்டில் காய் உலரும். குழாயை விட்டுப் புகை கசிந்தால் காயும் கெடும், உள்ளே நிற்கிற ஆளும் பிழைக்க மாட்டான்.

அடுப்பை அணைத்திருந்தார்கள். அறையின் மூலையில் ஒரு கனல் சட்டி, பாதி எரிந்த கரியோடு இருந்தது.

"குளிருக்கு இத உள்ள கொண்டாந்து வச்சது சுருளிதான் மேடம்," என்றார் முதலாளி லிங்கேஸ்வரன். "அழகுமலை உள்ள காய் கிளறிட்டு இருக்கான்னு தெரிஞ்சும் சன்னலச் சாத்திட்டுப் போய்ப் படுத்துட்டான். தங்கமான ஆளு மேடம் அழகுமலை."

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்திருந்த சுருளி வாசற்படியில் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மடியில் சுமந்து போனவனின் கரி இன்னும் அவன் சட்டையில் ஒட்டியிருந்தது.

"கனல் சட்டியே எனக்குத் தெரியாதும்மா," என்றான். "குழாய் விரிசல் விட்டிருந்துச்சு. கெழக்கு ஓரம், ரெண்டாவது குழாய். தகரத்தச் சுத்திக் கம்பியால கட்டி வச்சிருந்தோம். மாத்துங்க மாத்துங்கன்னு நானும் மாப்ளையும் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னோம். காய் குவியுற நேரத்துல ஸ்டோர நிப்பாட்டுனா அம்புட்டும் நெறம் வெளுத்துப் போகும்னுட்டாரு மொதலாளி."

"வேற யாரு அந்தத் தகரத்தப் பாத்தது?"

"எங்க ரெண்டு பேரத் தவிர உள்ள யாருக்கும் சோலி இல்லம்மா."

சந்திரவல்லி உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டாவது குழாயில் விரிசலும் இல்லை, தகரமும் இல்லை. விரலால் தேய்த்தாள். சிவப்பாகத் துரு வந்தது. பக்கத்துக் குழாயைத் தேய்த்தபோது கருப்புதான் வந்தது. அவள் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டோரின் முன்னறையில் யாவாரிகள் உட்கார நாற்காலிகள், சுவரில் மாட்டிய ஒரு டேப்லெட். கட்டடத்துக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் அதிகமான நீளத்தில் ஒரு பட்டையாகப் புல் வெளுத்துப் படுத்திருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

"அதுக்குப் பங்களா மேட்டுக்கு ஏறணும்," என்று லிங்கேஸ்வரன் அவளைக் கூட்டிப்போனார். மேட்டில் நின்று தன் போனில் எஸ்டேட்டின் இணையதளத்தைத் திறந்து காட்டினார். திரை முழுக்க ஒரே படம்: தட்டு நிறையப் பச்சை ஏலக்காய், அதற்குப் பின்னால் குழாய்கள். எஸ்டேட்டின் பெயரைத் தவிர ஓர் எழுத்து இல்லை. இரண்டாவது குழாய் முழுசாக இருந்தது.

"தினம் காலைல ஸ்டோர்ல ஒரு படம் எடுத்துப் போடுவேன் மேடம். இது நேத்துக் காலைல போட்டது. இன்னைக்கு எழவு விழுந்திருக்கு, எவன் படம் போடுவான்? தகரம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

சுருளியை நம்பிவிட்டோமே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதியம் ஆஸ்பத்திரி வாசலில் அழகுமலையின் மனைவி சுந்தரம்மாளைப் பார்த்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"எம்புருசனக் கொன்னது எங்கூடப் பொறந்தவனா ஆத்தா?" என்று சந்திரவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதலாளி படம் காட்டுனாராமே. ஒருக்க சொல்லிட்டீங்கன்னா அவன் மூஞ்சியில முழிக்காமச் செத்துப் போவேன்."

புருஷனையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்து நின்ற அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், சந்திரவல்லி நேரே அந்த இணையதளத்தை வடிவமைத்த சுஃபியாவின் கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் சின்ன அறை. சுஃபியா டீ சொன்னாள்.

"வெறும் படம் மட்டும் இருக்கே, ஏன்?"

"இப்ப எல்லாரும் கேக்குறது அதுதான் மேடம். முன்னெல்லாம் வெப்சைட்டுன்னா கல்யாணப் பத்திரிகை கணக்கா இண்டு இடுக்கு விடாம எழுத்து, ஓடுற எழுத்து, மின்னுற பூவு. இப்ப திரை நெறைய ஒரே படம் போதும். கம்ப்யூட்டரே படம் வரைய ஆரம்பிச்சதுக்கப்புறம் அழகான படத்த யாரும் நம்புறதில்ல. அன்னன்னைக்கு எடுத்த நெசப் படம் வேணும்ங்கிறாங்க."

"நெசம்னு எப்படித் தெரியும்? தேதி இல்லையே."

"நான் போட்டுத்தான் குடுத்தேன். அழுக்கு மாதிரி இருக்கு, எடுத்துரும்மான்னு லிங்கேஸ்வரன் சார் சொல்லிட்டாரு."

"முந்தின நாள் படம்?"

"புதுசு ஏறுனதும் பழசு அழிஞ்சிரும். எப்ப ஏறுச்சுன்னு வெளியூர்க் கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். பதில் வரப் பல நாளாகும்."

சந்திரவல்லி டீயை எடுத்தாள். "ஸ்டோர்ல சிக்னலே கிடையாது. அப்புறம் சுவத்துல எதுக்கு ஒரு டேப்?"

"வர்ற யாவாரிங்களுக்குக் காட்ட மேடம். சிக்னல் இல்லாத எடத்துலயும் பக்கம் தொறக்கணும்னு அவருதான் அடம் பிடிச்சாரு. இப்ப அப்படியும் செய்றோம். கடைசியா சிக்னல்ல இருந்தப்ப பாத்தத அது அப்படியே பிடிச்சு வச்சுக்கும். மேனேஜர் பால்பாண்டி தினம் காலைல பங்களாவுக்குத் தூக்கிட்டுப் போய், புதுப் படம் வந்ததும் கொண்டாந்து மாட்டுவாரு."

டீ அப்படியே மேஜைக்குப் போனது.

மூன்று மணிக்குச் சந்திரவல்லி மறுபடியும் ஸ்டோரில் இருந்தாள். லிங்கேஸ்வரனையும் பால்பாண்டியையும் முன்னறைக்கு வரச் சொன்னாள். சுருளியும் இருந்தான்.

"பால்பாண்டி, இன்னைக்கு இந்த டேப்ப பங்களாவுக்குக் கொண்டு போனீங்களா?"

"இல்ல மேடம். இருந்த களேபரத்துல எங்க..."

"சுவத்துல இருந்து எடுக்கவே இல்லையே?"

"தொடவே இல்ல மேடம்."

அவள் டேப்பைக் கழற்றி விரலால் தொட்டாள். பக்கம் திறந்தது. திரை முழுக்கப் பச்சை ஏலக்காய். பார்க்கிற எவன் கண்ணும் அந்தப் பச்சையிலேயே நிற்கும். அவள் பின்னால் இருந்த மூலையை விரித்துப் பெரிதாக்கினாள். கிழக்கு ஓரத்தில் இரண்டாவது குழாய், அதைச் சுற்றித் தகரம், தகரத்தின் மேல் கம்பிக்கட்டு.

"இதுதான் நேத்துப் போட்ட படம்," என்றாள். "நீங்க என்கிட்டக் காட்டுனது இன்னைக்குப் போட்டது, லிங்கேஸ்வரன். சுருளி ஜீப்புல போனதும் அடுப்ப அணைச்சு, விரிசல் குழாயக் கழட்டிட்டுப் பின்னாடி புல்லுல கெடந்த பழைய குழாய மாட்டியிருக்கீங்க. தினம் சூடு குடிக்கிற இரும்பு கருத்துப் போகும். உங்க குழாய்ல மழைத்துரு. அது கெடந்த எடத்துல புல்லு இன்னும் வெளுத்துத்தான் இருக்கு. அப்புறம் அந்தக் கனல் சட்டி. விறகு எரியுற ஸ்டோருக்குள்ள வேக்காட்டுல நிக்க முடியாது. குளிருக்கு எவன் நெருப்பு கொண்டு போவான்? எல்லாத்தையும் மாத்துன நீங்க இந்த டேப்ப மாத்த மறந்துட்டீங்க. சிக்னல் இல்லாட்டியும் தெரியணும்னு கேட்டு வாங்குனது நீங்கதான்."

லிங்கேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "காய் வரத்து மேடம்... நாலு நாள் போகட்டும், மாத்திரலாம்னுதான்..."

"குழாயோட மறுபக்கத்தப் பிடிச்சது நான்தான் மேடம்," என்று பால்பாண்டி சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினான். "விரிசல் குழாய் பங்களா ஷெட்டுல கெடக்கு."

சுருளி யாரையும் திட்டவில்லை. டேப்பில் தெரிந்த கம்பிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "இது மாப்ள கட்டுன கட்டு," என்றான்.

பொழுது சாயும் நேரம். பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து போடியில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருவில் பந்தல் போட்டிருந்தது. சந்திரவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சுந்தரம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒவ்வொன்றாக, சின்னக் குரலில் சொன்னாள். விரிசல் குழாயை மாத்தச் சொல்லிக் கடைசிவரை கேட்டது உன் அண்ணன்தான் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

சுந்தரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தெருமுனையைப் பார்த்தாள். போலீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில், கிட்டே வரத் துணியாமல், அதே கரிச்சட்டையோடு சுருளி நின்றிருந்தான்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். போன குரல் எப்படித்தான் வந்ததோ, தெருவுக்கே கேட்டது. "கோடிச்சேலை எடுத்துட்டு வரலியாண்ணே? எனக்குப் பொறந்த வீடுன்னு நீ ஒருத்தந்தான இருக்க?"

சுருளி வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"வெரசாப் போயி வாங்கிட்டு வாண்ணே. நீ வந்தப்புறந்தான் உன் மாப்ளையத் தூக்குவோம்."

அவன் கடைத்தெருப் பக்கம் ஓடினான். தூக்க வந்தவர்கள் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழே விரித்து உட்கார்ந்தார்கள்.