கீழிருந்து அறைந்த ஆணிகள்

பெயர்த்தெடுத்த அகலமான பலகையை ஒடெல்லா புரட்டிப் பார்த்தாள். ஆணிகளின் தலையெல்லாம் அடிப்பக்கம் இருந்தது.

காலையிலிருந்து தன்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அமெரிக்காவின் காரலைனாவில், எபிஸ்கோபல் சபையின் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் அவளும் கணவன் ஏனோக்கும் எத்தனையோ தரைகளைப் பழுது பார்த்திருக்கிறார்கள். தரைப்பலகையை எந்தத் தச்சனும் மேலே நின்றுதான் அறைவான்.

"இவன் வௌவால் சாதி போல. தலைகீழா தொங்கிக்கிட்டே அடிச்சிருக்கான்," என்றான் ஏனோக்.

"சிரிக்காத. அடியில ஒன்றரை முழந்தான் எடம். சுத்தியல ஓங்க முடியுமா?"

"போய்ப் பாத்துட்டு வரேன். பலகையத் தாங்குற சட்டம் உளுத்திருக்கான்னும் பாக்கணும்ல."

"பாம்பு கெடக்கும்யா."

"கெடந்தா உன் பேரச் சொல்றேன். ஓடிரும்."

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பலகை எடுத்த சந்துக்குள் இறங்கி, குப்புறப் படுத்து, தவழ்ந்து மறைந்தான்.

மழை இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. சதுப்பின் சேற்று வாடையும் வௌவால் எச்சத்தின் நெடியும் காற்றில்லாத கோயிலுக்குள் கனத்து நிற்க, கதவு வைத்த பழைய இருக்கைக் கூண்டுகளுக்குக் கீழே ஏனோக்கின் வெளிச்சம் பலகை இடுக்குகளில் மஞ்சள் கோடுகளாக ஊர்ந்து பீடத்தை நோக்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெல் வயல் முதலாளிகள் கட்டிய கோயில் இது. செங்கல் சுட்டதும் மரம் இழைத்ததும் அவர்களுடைய அடிமைகள், ஒடெல்லாவின் முன்னோர்கள். முதலாளிகளின் சலவைக்கல் கல்லறைகள் வெளியே வரிசையாக நின்றன. அடிமைகளை எங்கே புதைத்தார்கள் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது.

"ஒடெல்லா." பலகைக்கு அடியிலிருந்து அவன் குரல் அமுங்கி வந்தது. "இங்க மண்ணு வழவழன்னு இருக்குடி. ஆளுங்க பொரண்டு பொரண்டு தேஞ்ச மாதிரி."

"போதும், வெளிய வா."

"இரு. யாரோ..."

வெளிச்சம் அணைந்தது.

சில்வண்டுகளின் இரைச்சலும் அதோடு நின்றுபோனது. அவள் மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். மண்ணில் உடம்பு இழுபடும் சத்தம், மெதுவாக, பீடத்துப் பக்கமிருந்து. கூடவே வாசல் பக்கமிருந்தும்.

"ஏனோக்?"

டொக்.

சுத்தியல் சத்தம். அடியிலிருந்து. டொக், டொக்.

"எதுக்குய்யா அடிக்கிற? பதில் சொல்லு."

அவனுடைய சுத்தியல் அவள் காலடியில் கிடந்தது.

வெளியே ஓடினாள். அஸ்திவாரச் சுவரின் காற்றுத் துளைகளில் வாயை வைத்து அவன் பெயரைக் கத்தினாள். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. விட்டு விட்டுப் பட்டது. மூச்சைப் போல. பல மூச்சுகளைப் போல. மறுபடி உள்ளே ஓடினாள்.

அவன் இறங்கிய சந்து அங்கே இல்லை.

அவள் பெயர்த்து வைத்திருந்த பலகை பழைய இடத்தில் இருந்தது. இடுக்குத் தெரியாமல். மேலே ஆணித்தலை இல்லாமல்.

கடப்பாரையை விளிம்பில் செருகி முழு எடையோடு தொங்கினாள். மரம் முனகியது. ஒரு விரற்கடை உயர்ந்தது. உடனே கீழே இழுபட்டது. மறுபடி தொங்கினாள். கை எரிந்தது. பலகை உயர்ந்தது.

இருட்டிலிருந்து விரல்கள் வந்து விளிம்பைப் பற்றின. மண் அப்பிய விரல்கள். ஒல்லியானவை. நகமில்லாதவை. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, பலகை நீளத்துக்கும்.

அவற்றின் நடுவே ஒரு பெரிய கை. போன வாரம் அடிபட்டுக் கறுத்த கட்டைவிரல் நகம். அவள் தன் கையால் கட்டுப் போட்ட விரல்.

"ஏனோக், விடாத, பிடிச்சுக்க. நான் தூக்கறேன்."

அந்தக் கையும் மற்றக் கைகளோடு சேர்ந்து பலகையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.