வெளிக்கயிறு

மத்தியான வெயிலில் போலீஸ் ஜீப் அந்த ரப்பர் படகைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கியது. கப்பல் மூழ்கினால் ஆட்கள் ஏறித் தப்பிக்கிற படகு. அவற்றைச் சோதித்து, ஒட்டுப் போட்டு, மடித்துப் பெட்டியில் அடைக்கிறவரை எல்லோரும் பஞ்சர் என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இந்தப் படகில் ஒன்பது நாள் மிதந்து உயிரோடு வந்தவன் அவருடைய தங்கை புருஷன். கூட இருந்த சமையல்காரர் வரவில்லை. படகைச் சுற்றிக் கட்டியிருக்கும் வெளிக்கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கினாராம். இழுத்து ஏற்றுவதற்குள் கயிறு அறுந்துவிட்டதாம்.

"தானா அறுந்துச்சா, யாராச்சும் அறுத்தாங்களா? அதை மட்டும் எழுதிக் கொடுங்க," என்று சொல்லிவிட்டு, படகை அடையாளம் காட்ட அழைத்து வந்திருந்த மாப்பிள்ளையை அங்கேயே விட்டு, இன்ஸ்பெக்டர் போன் பேச வெளியே போனார். இருவரும் உறவு என்று அவருக்குத் தெரியாது. பஞ்சரும் வாயைத் திறக்கவில்லை.

பம்பால் காற்றடித்ததும் படகு எழுந்து நின்றது. உப்பும் அழுகலும் கலந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. பஞ்சர் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நூல் நூலாகப் பிரியவே இல்லை. ஒரே வெட்டு. படகோடு வருகிற கத்திதான். போன வருஷம் அதைத் தீட்டி உறையில் செருகியவரே அவர்தான்.

மாப்பிள்ளை படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"தண்ணி ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு, மச்சான். உங்க தங்கச்சிக்கு இது எட்டாம் மாசம்."

படுபாவி! ஆனாலும் தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பஞ்சர் பேனாவை எடுத்தார். 'கயிறு தேய்ந்து அறுந்தது' என்று எழுதினார்.

தட்.

ரப்பரில் உள்ளங்கை பட்ட சத்தம். படகின் வெளிப்பக்கம், கீழே.

தட். தட்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிற்றின் வெட்டுண்ட நுனி விறைத்துத் தரையை நோக்கி நீண்டது.

அதைப் பிடித்தபடி யாரும் இல்லை.

காய்ந்த சிமெண்டுத் தரையில் தண்ணீர் மட்டும் பரவிக்கொண்டிருந்தது.

"மாப்ளே... யாரோ இழுக்கிறாங்க."

அவன் திரும்பவில்லை.

"ஒம்பது நாளும் இப்படித்தான் இழுத்துச்சு, மச்சான்," என்று கிசுகிசுத்தான். "அறுத்ததுக்கு அப்புறமும்."

பஞ்சர் மறுபடி பேனாவை எடுத்தார். எழுதியதை அடித்தார். 'கத்தியால் அறுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்தபோது, கயிறு தொய்ந்து விழுந்தது. தங்கை முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பின்சீட்டில் ஏற்றித் தானே வண்டியைக் கிளப்பினார். ஜீப் முக்கி முனகியது. பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது.

"உள்ள ரெண்டு பேர்தானே இருக்கோம், என்ன இந்தக் கனம்?" என்று அலுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை பஞ்சர் பார்த்துக்கொண்டே நின்றார். கொதிக்கிற தார் ரோட்டில், எதையோ இழுத்துக்கொண்டு போனது போல, ஈரக்கோடு ஒன்று அதன் பின்னாலேயே போயிற்று.